அட்டை போட்ட நோட்டும் மேடவாக்கம் சிக்னலும்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பசை காய்ச்சும் நாள் ஒன்று வரும். ஒரு கரண்டி மைதாவைக் கட்டி தட்டாமல் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளுப்பு மறைந்து பளபளப்பு ஏறும்போது இறக்கிவிட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் பொடித்துப் போட்டு, அந்தப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் ஏற்றிவிட்டுத்தான் என் மாமியார் உட்காருவார். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீடு. முன் அறையில் பாயை விரித்து, அந்த வருஷத்து நோட்டுப் புத்தகங்களையெல்லாம் பரப்பி, ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தோமானால், அட்டை போட்டு முடித்து எழுந்திருக்க ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

பழுப்புத் தாளை அளந்து வெட்டுவது என் வீட்டுக்காரர். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பிலும் அரை அங்குலம் வீணாகாமல் வெட்டுவார். மூலை மடிப்பது நான். மடித்த விளிம்பில் சில்வர் டம்ளரின் அடியை வைத்து அழுத்தி இழுத்து, மடிப்பு கத்தி முனையாக நிற்கும்படி படிய வைப்பது மகள். லேபிள் ஒட்டுவது அவளுக்கு மூன்று வயது இளைய தம்பி. அவன் ஒட்டிய லேபிள் ஒன்றுகூட நேராக நின்றதில்லை, அதை யாரும் பிய்த்துத் திருத்தியதும் இல்லை. ஒட்டி முடித்ததை எல்லாம் வாங்கி அடுக்கி, ஈரம் காய்கையில் அட்டை விறைத்துக்கொள்ளாமல் இருக்க மேலே அம்மிக் குழவியைப் பாரம் ஏற்றுவது பிள்ளைகளுக்கு அப்பத்தாவான என் மாமியார். உங்களில் பலர் வீட்டிலும் இந்த வேலை நடந்திருக்கும். பசைக்கு மைதா இல்லாத நாளில் சோற்றுப் பருக்கையை நசுக்கி லேபிள் ஒட்டியவர்களும், லேபிள் வாங்கக் காசில்லாமல் பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டியவர்களும் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள்.

அன்றைக்கு நோட்டுகளைவிட முக்கியமாக நடந்தது பேச்சு. குனிந்த தலை நிமிராமல் கை ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய என் மகன், நாக்கைத் துருத்திக்கொண்டு லேபிளின் நான்கு மூலையிலும் பசை தடவியபடியே, "இந்த வருஷம் வர்ற டீச்சர் முட்டி போட வைப்பாங்களாம்" என்று சொன்னது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான். விடுமுறை முழுக்க அவன் நெஞ்சில் கிடந்த பயம் அது. என்ன கண்ணு, ஏன் ஒரு மாதிரி இருக்கே என்று நான் பலமுறை கேட்டும் வெளியே வராதது, கேட்காமலே வந்து பாயில் விழுந்தது. உடனே அவன் அப்பா, தாளில் இருந்து கண்ணை எடுக்காமல், தன்னை முட்டி போட வைத்த வாத்தியாருக்கே பின்னாளில் மில்லில் இருந்து சலுகை விலையில் வேட்டி வாங்கிக் கொடுத்த கதையைச் சொல்ல, பயல் சிரித்துவிட்டான்.

இப்போது சென்னை மேடவாக்கத்தில் என் மகள் வீட்டுக்கு ஜூன் மாதம் ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்கிறது. உள்ளே நோட்டுகள் எல்லாம் அட்டை போட்டு, அதன்மேல் கண்ணாடித் தாளும் போட்டு, பேத்தியின் பெயர், வகுப்பு, பிரிவு அச்சடித்த லேபிள் நூல் பிடித்தாற்போல் ஒட்டி இருக்கின்றன. பெட்டியைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, பையில் அடுக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் அவளுக்கு இருக்கும் ஓட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்கும் நிம்மதிதான். அந்தச் சாயங்காலம் மட்டும் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டேன்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். 1979-ல் தபால் தந்தித் துறையில் சேர்ந்தேன். 1985-ல் தபாலையும் தொலைத்தொடர்பையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 2000 அக்டோபரில் நாங்கள் பி.எஸ்.என்.எல். ஆனோம். நான் சேர்ந்த காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 180-ஐச் சுழற்றி டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறும். இன்ன ஆள் வந்தால்தான் பேசுவேன் என்றால் பி.பி. கால். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதிரே துளை துளையாக நிற்கும் போர்டில் விளக்கு எரிந்த இடத்தில் கார்டைச் சொருகி, சீட்டில் நேரம் குறித்து, திருச்சியையும் சென்னையையும் கூப்பிட்டு லைன் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டும். பேச்சு மூன்று நிமிஷக் கணக்கு. மூன்றாவது நிமிஷம் முடிகிற நேரத்தில் நாங்கள் உள்ளே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்விக்கு முன்னும் பின்னும் காதில் விழுந்தவையே போதும், குடும்பம் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொள்ள. பெண் குழந்தை பிறந்திருக்கு, சுகப் பிரசவம் என்று சொல்லி முடித்தவர்கள், அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியாமல், அங்கே மழை உண்டா என்று கேட்பார்கள். அடுத்த மூன்று நிமிஷத்துக்கும் காசு கட்டி மழையைப் பற்றியே பேசுவார்கள்.

என் பிள்ளைகள் அந்த மூணு நிமிஷக் கேள்வியை என் வாயில் கேட்டே வளர்ந்தார்கள். காம்பவுண்டில் ஆறு குடித்தனம், கக்கூஸ் இரண்டு. காலை நேரத்தில் உள்ளே போன தம்பி வெளியே வராவிட்டால், ஏழு வயது அக்கா கதவைத் தட்டி, என் குரலிலேயே, "மூணு நிமிஷம் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்பாள். உள்ளேயிருந்து, "எக்ஸ்டெண்ட், எக்ஸ்டெண்ட்!" என்று பதில் வரும். கொஞ்ச நாளில் காம்பவுண்டு முழுக்க அது பரவி, எதிர் போர்ஷன் கணக்குப்பிள்ளை வரை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவசரமாக ஆபீசுக்குக் கிளம்பும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள், ஒரு கையில் சீப்பும் மறு கையில் சாம்பார்க் கரண்டியுமாக நான் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தும் அத்தனை முழுசாகச் சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு மனசு வராது. மகள் 1984-ல் பிறந்தபோது எங்களுக்குப் பிரசவ விடுப்பு 90 நாள். தொண்ணூறாம் நாள் முடிந்து வேலைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டியபோது, மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகம் தெரியாத யாருக்கோ கோயம்புத்தூர் லைன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொண்ணூறு நாள் 1997-ல்தான் 135 ஆயிற்று; 2008-ல் மத்திய அரசு அதை 180 ஆக்கி, பிள்ளை வளர்ப்புக்கென்றே மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள் தனி விடுப்பும் கொடுத்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்த விடுப்பைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ராத்திரி அவன் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. அதற்காகப் போராடிய சங்கத்துப் பெண்களில் பலர் அதை அனுபவிக்காமலே ஓய்வு பெற்றுப் போனவர்கள், அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு இருந்தது ஸ்பிளிட் டியூட்டி. காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் நான்கு மணி நேரம், நடுவில் வீடு. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஆபீசுக்கு ஓடுவதென்பது உடம்புக்குப் பெரிய தண்டனை. ஆனால் அந்த நடுப்பகல் எனக்குக் கிடைத்தது. மகன் பள்ளிக்கூடம் சேராத வயது. ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க நான் உட்கார்ந்தால், என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, நான் பொறுக்கிப் போடுகிற கல்லை எல்லாம் அவன் வாங்கித் தரையில் வரிசை வைப்பான். கறுப்புக் கல் தனி, வெள்ளைக் கல் தனி. வரிசை நீண்டு வாசல்படியைத் தொடுவதற்குள் தூங்கிவிடுவான். ரேடியோவில் இலங்கை வானொலி மெல்ல ஓடும். அப்துல் ஹமீதின் குரல் கேட்டு நானும் அப்பத்தாவும் பாட்டுக்குப் பாட்டு எடுப்போம். ரேடியோ நல்ல தோழி. அது கையைக் கேட்டதில்லை, காதை மட்டும் கேட்டது. முறமும் ரேடியோவும் பிள்ளையும் ஒரே மடியில் இருக்க முடிந்தது.

டிவி வந்தபோது கை நின்றுபோனது. முதலில் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி ரூபவாகினியைப் புள்ளி புள்ளியாகப் பார்த்தோம். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு படம் தெளிந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஓடும் அரை மணி நேரம் காம்பவுண்டில் ஒரு அடுப்பும் எரியாது. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் வந்தது. இந்தி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பத்தா கதையை முன்னதாகவே சொல்லிக்கொண்டு போவார், படம் அவர் பின்னால் வரும். பேத்திக்கு அவர் சொன்ன சீதைதான் சீதை. அதுவும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்லாமல் என் வீட்டைப் பற்றி எழுதியதாகாது. சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடித்து வந்து, நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று காலையிலேயே ஊறப் போட்டதை வடித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், உளுந்துக்கு முக்கால் மணி, அரிசிக்கு அதற்குமேல். வலது கை குழவியைச் சுற்றும். விளிம்பில் ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுகிற இடது கை வேலையை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குக் கணக்கு உண்டு. குழவி கையைக் கடந்து அந்தப் பக்கம் போகிற நொடியில் விரல் உள்ளே போய் மாவைத் தள்ளிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் கணக்குப் பிசகாமல் இருக்க அவள் வாய்ப்பாடு சொல்லுவாள்; ஓரேழ் ஏழு என்று ஒரு சுற்று, ஈரேழ் பதினாலு என்று ஒரு சுற்று. ஏழாம் வாய்ப்பாட்டில் எங்கேயாவது தடங்கினால் நான் குழவியை நிறுத்திவிடுவேன். சரியான விடை வந்த பிறகுதான் கல் நகரும். உளுந்து பொங்கி வரும் கட்டத்தில் தம்பி ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து நிற்பான். சுண்டுவிரல் நுனி அளவு மாவை எடுத்து நான் அதில் போட வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும், மிதந்தால் பதம். அவன் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "மிதக்குது!" என்று கத்தும் சத்தம் காம்பவுண்டின் கடைசி வீடு வரை கேட்கும். தீர்ப்பு சொல்லும் உரிமை அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான்.

பிறகு ஒரு தீபாவளி போனசில் கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது. அதை வண்டியில் இருந்து இறக்கியபோது முதலில் மஞ்சள் குங்குமம் வைத்தது அப்பத்தாதான். "இனிமே உன் தோள்பட்டை பிழைச்சுக்கிரும்த்தா" என்று சொல்லி, தன் தோளைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டார். பதினான்கு வயதில் கல்யாணமாகி வந்ததில் இருந்து கல்லைச் சுற்றிய தோள் அது. கல்லில் ஆட்டிய மாவின் ருசி வராது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. 2011 செப்டம்பரில் அரசே வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் தெருவில் ஆட்டுக்கல் எல்லாம் வாசலுக்கு வந்தது. குப்புறக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பூக் கட்டினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து யாராவது பெருமூச்சு விட்டால், நீங்கள் ஆட்டியதுண்டா என்று அவர்களிடம் கேட்கத் தோன்றும். ஆட்டியவளுக்குத்தான் தெரியும், கல் வெளியே போனது எத்தனை நல்லது என்று. ஆனால் கிரைண்டர் போடுகிற சத்தத்தில் வாய்ப்பாடு கேட்காது, விரல் விடவும் வழியில்லை. மகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று; மகன் மட்டும் கொஞ்ச காலம் கிண்ணத்தோடு வந்து பார்த்தான்.

போர்டும் அப்படித்தான் போயிற்று. தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத் முளைத்த பிறகு டிரங்க் கால் கேட்பாரில்லை. என்னை 197-க்கு, நம்பர் விசாரிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். கல்லூரி ஹாஸ்டலில் இருந்த மகன் ராத்திரிக் குறைந்த கட்டணத்துக்காக வரிசையில் நின்று, மீட்டரில் சிவப்பு எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவான். மூன்று நிமிஷம் ஆனதும், எக்ஸ்டெண்ட் பண்ணவா என்று அவனே கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அவனே வைத்துவிடுவான்.

மகளுக்கு முதல் பிரசவம் 2014-ல். அவள் வேலை பார்த்த தனியார் நிறுவனத்தில் சட்டப்படி 12 வாரம்தான் விடுப்பு. 2017 ஏப்ரலில் சட்டம் மாறி 26 வாரமானது. அடுத்த ஆண்டு பேரன் பிறந்தான். ஒரே தாய், ஒரே நாற்காலி; மூத்தவளை இடுப்பில் நிற்காத வயதில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவள், இளையவன் குப்புற விழுந்து, நீந்தி, உட்காரப் பழகுகிற வரை கூடவே இருந்தாள். இந்த வித்தியாசத்தை என் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன், சட்டப் புத்தகத்தில் ஒரு எண் மாறினால் ஒரு வீட்டில் எத்தனை நடுப்பகல்கள் கூடிவிடுகின்றன!

நானும் அவரும் மதுரையில்தான் இருக்கிறோம். வருஷத்தில் பாதி நாள் மேடவாக்கம் போய்விடுவேன். அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டில் இருந்தே வேலை. காலையில் மாவு பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றினால் இட்லி. காய் வெட்டியே வருகிறது. துணியை மெஷின் துவைத்துக் காயவும் வைத்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு அவளுக்கு நேரம் இல்லை. எனக்கு இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், நாளைக்கு மஞ்சள் நிறச் சார்ட்டும் தெர்மாக்கோலும் கொண்டுவர வேண்டும் என்று செய்தி வருகிறது. அதே நேரத்துக்குச் சரியாக என் மகளும் அந்நாளில், தூக்கக் கலக்கத்தில், "அம்மா, நாளைக்கு இலை கொண்டு போகணும், அஞ்சு விதமா" என்பாள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு காம்பவுண்டுக் கொல்லைக்குப் போவேன். இவள் செல்போனில் இரண்டு தட்டுத் தட்ட, தெர்மாக்கோல் வாசலுக்கு வந்துவிடுகிறது. டார்ச் வெளிச்சத்தில் தும்பை இலை எது, துளசி எது என்று மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டிய வேலை பேரனுக்கு இல்லை.

ஒரு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, லேப்டாப்பை மூடிவிட்டு அவள் சொன்னாள். "உன்ன மாதிரி என்னால முடியலம்மா. ஞாயித்துக்கிழமை இவங்களோட விளையாடறதுக்குன்னு ரெண்டு மணி நேரம் ஒதுக்கி வைக்கிறேன். உக்காந்தா என்ன பேசுறதுன்னு தெரியல. அவங்களும் என்னையே பாக்கிறாங்க."

"நான் உங்களோட விளையாடணும்னு ஒருநாளும் உக்காந்தது கிடையாதுடி" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். அரிசி உட்கார வைத்தது, உளுந்து உட்கார வைத்தது, நோட்டு அட்டை உட்கார வைத்தது. நாங்கள் உட்கார்ந்தோம். அந்த வேலைகளை இயந்திரங்களும் கடைகளும் எடுத்துக்கொண்டன, எடுத்துக்கொள்ளட்டும். அவை காலி செய்துவிட்டுப் போன கூடத்தில் வேறு ஏதாவது பாயை விரித்திருக்கும், எங்கே என்று தேடுவோம் என்று அவளிடம் சொன்னேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அன்றுமுதல் அந்த வீட்டில் நான் உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தேன்.

இருந்தது. மெஷினில் இருந்து வந்த துணி சோபாவில் மலையாகக் குவிகிறபோது, ஜோடி பிரிந்த சாக்ஸ்களைச் சேர்க்கும் உரிமையைப் பேரன் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒற்றைச் சாக்ஸ் மிஞ்சினால் அவன் அக்கா அதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும். நான் மதுரையில் இருக்கும் நாட்களில் பேத்தி சாயங்காலம் வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, போனைப் பென்சில் டப்பாவில் சாய்த்து நிறுத்திவிட்டு, வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்துவிடுகிறாள். பேசுவதில்லை. நான் இங்கே கீரை ஆய்வேன். அவள் பக்கத்து மின்விசிறிச் சத்தமும் ரப்பர் தேய்க்கிற சத்தமும் கேட்கும். எப்போதாவது, "அம்மாச்சி, இருக்கீங்களா?" என்பாள். இருக்கேன் என்பேன். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை காசு கேட்டுக் குறுக்கே புகுந்த வேலையைப் பல வருஷம் பார்த்த எனக்கு, மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு லைன் அரை மணி நேரம் சும்மா திறந்து கிடப்பது எத்தனை பெரிய ஐசுவரியம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வேன்?

மதுரையில் எங்கள் தெருவில் பூ விற்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பூ எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போவதே வழக்கமாக இருந்தது. 2022 செப்டம்பர் 15-ல் அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்கப் போனது. இப்போது உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ பள்ளிக்கூடத்தில் சூடாகக் கிடைக்கிறது. "காலையில வஞ்சுக்கிட்டே ஊட்டுறது நின்னு போச்சுக்கா. இப்ப தலைதான் சீவிவிடுறேன், பொறுமையா சீவுறேன்" என்றாள். இந்த முன்னேற்றத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மகளின் தலையில் ஒரு தாயின் கை அவசரமில்லாமல் நிற்கக் கிடைத்த பத்து நிமிஷம் அது.

மேடவாக்கத்தில் மிகப் பெரிய பாய் விரிந்திருப்பது காருக்குள். பேத்திக்கும் பேரனுக்கும் சோழிங்கநல்லூரில் நீச்சல் வகுப்பு. பெரும்பாக்கம் வழியாகப் போக வேண்டும். மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்புகிறார்கள்; சாலை பாதியாகச் சுருங்கி, வண்டிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஊரே சபிக்கும் அந்த நெரிசலில், அவளால் லேப்டாப்பைத் திறக்க முடியாது, போனைத் தொட முடியாது. கை ஸ்டியரிங்கில், கண் சாலையில். பின்னால் இரண்டும் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அங்கே ஒரு விளையாட்டு. டி.என். 58, 59, 64 என்று நம்பர் பலகை தெரிந்தால் அது மதுரை வண்டி. முதலில் பார்த்துச் சொல்கிறவருக்குப் பத்துப் பாயின்ட். வண்டியில் என்ன ஏற்றி வருகிறார்கள் என்று சரியாகச் சொன்னால் இன்னும் ஐந்து. இரண்டு வண்டிக்கு நடுவே, ஒரு சிவப்பு விளக்கில், பேத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அவ என்கூட இப்பல்லாம் லஞ்ச் சாப்பிடறதில்ல." என் மகள் திரும்பவில்லை. "எந்த நாள்லேர்ந்து?" என்று மட்டும் கேட்டாள். மீதியெல்லாம் சிக்னல் விழுவதற்குள் வந்துவிட்டது. பின் சீட்டில் இருந்த எனக்குக் கண்ணாடி வழியாக அவள் நெற்றி தெரிந்தது. எத்தனையோ மாதமாகப் பார்த்திராத அமைதி அதில் இருந்தது.

இந்தப் பொங்கல் விடுமுறையில் பாதிச் சென்னை ஊருக்குப் போய்விட, சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டிப் பேச ஆரம்பிப்பதற்குள் சோழிங்கநல்லூர் வந்துவிட்டது. "அம்மா, ஒரு மதுரை வண்டிகூட வரல, அதுக்குள்ள வந்துட்டோமே!" என்று பேரன் அழ ஆரம்பித்தான். நீச்சல் வகுப்புக்கு இன்னும் நேரமிருந்தது. அவள் வலது பக்கம் கையைக் காட்டி, பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே விட்டாள். செம்மஞ்சேரி தாண்டுகையில், தார்ப்பாய் போட்ட ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போக, "டி.என். 59!" என்று நான் கத்திவிட்டேன். அம்மாச்சிக்குப் பாயின்ட் உண்டா கிடையாதா, மதுரைக்காரர்கள் மதுரை வண்டியைச் சொன்னால் செல்லுமா என்று பின் சீட்டில் தொடங்கிய வழக்கு நாவலூர் போய்த் திரும்பி வந்தும் முடியவில்லை.